பத்து அம்பியரில் வரைந்த கோடு

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது, வரிசைப்படி:

1. உப்புநீர்ப் பீப்பாயை வைத்துப் பற்றறியைச் சோதிப்பது ஆபத்து.
2. மீற்றரின் நுனிகளை எங்கே வைக்க வேண்டும் என்று நான் சொன்னதை நீ ஒருநாளும் கேட்கவில்லை.
3. பத்து அம்பியரில் நான் எடுத்த வரைபு போதுமானது. அந்தப் பற்றறியின் நாலாம் கலம் நல்ல கலம். அதை நீ ஒதுக்கி வைத்தது வெறும் பிடிவாதம்.
4. நேரம் குறிக்காத சோதனை, சோதனை அல்ல.
5. அந்தோனிக்குச் சொல்ல வேண்டிய பதில்.

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது. இதைப் பார்த்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்பதும் தெரியும். "மௌத்தானவனுக்கு எழுதுற கடிதத்துக்கும் நம்பர் போட்டுட்டாரு மீற்றர் நானா!" சிரி. உன்னால் எப்போதும் சிரிக்க முடிந்தது. எரிச்சல்பட்டவன் மூத்தவனான நான்தான்.

இன்று காலை ஸுபஹு தொழுதுவிட்டு அலுமாரியைத் திறந்தேன். மேல் தட்டிலிருந்து, இடுப்பில் கட்டுகிற என் நீலச் சாரம் கையில் வந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்பது வெள்ளைப் புள்ளிகள். எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, முன்பே எண்ணியவை. உன் பீப்பாயிலிருந்து தெறித்த தண்ணீர் பட்டு வெளுத்த இடங்கள். நல்ல சாரம், இரண்டு பெருநாளைக்குத்தான் உடுத்தது. நீ இறந்துபோய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. உன் மேல் எனக்கிருந்த கோபம் முடியவில்லை என்பது அந்தத் துணியைத் தொட்டபோதுதான் தெரிந்தது. அதையே உடுத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

இன்றைக்கே எழுத ஒரு காரணம் உண்டு. நடுப்பகல் லுஹர் தொழுகை முடிகிற நேரம் வள்ளக்கார அந்தோனி உச்சமுனையிலிருந்து வருவான். நீ பாதியில் விட்டுப்போன அவனுடைய பற்றறி உன் கொட்டிலில் மூன்று கலங்களோடு நிற்கிறது. "நீங்களே பாத்து முடிச்சுக் குடுங்க நானா, அந்த மனுஷன் எத்தினை தரம்தான் வந்து போறது" என்று உன் மனைவி சொல்லியனுப்பினாள். காலியாக இருக்கும் நாலாவது இடத்தில் எதை வைப்பது என்று தீர்மானித்துவிட்டேன். நீ ஒதுக்கிய கலத்தைத்தான். உனக்குப் பிடிக்காது. உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை, ஆகவே இப்படிச் சொல்கிறேன்.

எண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற அந்த வருஷம்தான் இதெல்லாம் தொடங்கியது. அதுவரை நீ குறிஞ்சிப்பிட்டியில் வள்ள எஞ்சின் திருத்துகிறவன். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது மன்னாரிலிருந்து ஒரு பையோடும் உன் உம்மாவோடும் வந்து இறங்கி, ஒரு தென்னோலைக் கொட்டிலைப் போட்டு, களப்பில் ஓடும் பாதி எஞ்சின்களுக்கு உயிர் கொடுத்தவன். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தபோது மற்றவர்கள் அரசாங்கத்தைத் திட்டினார்கள். நீ எங்கிருந்தோ ஒரு மின் மோட்டரைக் கொண்டுவந்தாய். பிறகு அதற்குப் பழைய லித்தியம் கலங்களைக் கொண்டுவந்தாய். தொலைபேசிக் கோபுரங்களில் பாவித்துக் கழித்தவை. ஒவ்வொன்றும் பேக்கரியில் வாங்குகிற ஒரு றாத்தல் பாண் அளவு நீலக் கட்டி. நாலை வரிசையாக இணைத்தால் ஒரு வள்ளத்துக்குப் பற்றறி.

கலத்தின் பக்கத்தில் நூறு என்று அச்சடித்திருக்கும். அதாவது பத்து அம்பியர் வீதம் இழுத்தால் பத்து மணித்தியாலம் தாங்கும் என்று அர்த்தம். அது புதிதாக இருந்தபோது சொன்ன கதை. இப்போது உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அச்செழுத்துச் சொல்லாது. அதை அறியத்தான் என்னிடம் வந்தாய். முப்பத்தொரு வருஷம் மீற்றர்களைச் சரிபார்க்கிற ஆய்வுகூடத்தில் இருந்தவன் நான். மீற்றர் பொய் சொல்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதவன்.

வந்தவன் நான் சொன்னதைக் கேட்டாயா என்றால், இல்லை.

என் முறையில் ஒரு குறையும் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். கலத்தை முழுதாக நிரப்பி, ஒரு மணித்தியாலம் ஆறவிட வேண்டும். வெளியில், நிழலில், சீமெந்துக் கல்லின் மேல் வைக்க வேண்டும். பக்கத்தில் உலர்ந்த மணல் ஒரு வாளி. கையில் மோதிரமும் மணிக்கூடும் கூடாது. நேர் முனைக்குப் பக்கத்திலேயே ஓர் உருகி, ஏதாவது பிழைத்தால் கம்பிக்கு முன் அது எரிய வேண்டும். மின்சார அடுப்பின் சுருள் கம்பியை அளந்து வெட்டி, பத்து அம்பியர் மட்டும் ஓடும்படி சுமையாகக் கட்ட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வோல்ற்றளவை எழுத வேண்டும். இரண்டரை வோல்ற்றுக்கு இறங்கியதும் நிறுத்த வேண்டும், அதற்குக் கீழே போனால் கலம் செத்துவிடும். பிறகு வரைபுத்தாளில் நேரத்தைக் கிடையாகவும் வோல்ற்றளவை நிலைக்குத்தாகவும் குறித்துக் கோட்டை இழுக்க வேண்டும். நல்ல கலத்தின் கோடு தொடக்கத்தில் சற்றே தாழ்ந்து, பிறகு உப்பளப் பாத்தியின் தண்ணீர் போல மட்டமாக நீண்டு, கடைசியில் ஒரேயடியாக விழும். அந்த மட்டமான நீளம்தான் கலத்தின் ஆயுள்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நீ சிரித்தாய்.

"நானா, ஒரு கலத்துக்கு ஒரு நாள் போகும். என்ட கிட்ட நாப்பது கிடக்கு. சோளகக் காத்து எழும்ப முந்தி ஆக்களுக்குக் குடுக்கணும். பத்து அம்பியர் எந்த வள்ளம் கேக்குது? மோட்டர் ஐம்பது இழுக்கும்."

ஐம்பது அம்பியர் என்ற சொல்லைக் கேட்டாலே நான் ஓரடி பின்னால் வைப்பேன். நான் கதைகேட்டுப் பயப்படுகிறவன் அல்ல. உன் கொட்டிலிலேயே பார்த்தேன். பெட்டியில் நட்டு முறுக்கும்போது உன் கை வழுக்கி, ஸ்பானர் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தது. ஒரு வெடி. ஸ்பானர் முனையோடு ஒட்டிச் சிவந்துவிட்டது. நீ ஒரு கட்டையால் அதைத் தட்டிவிட்டு, புருவ மயிர் கருகிய முகத்தோடு "பாத்தீங்களா, கலம் நல்ல கலம்" என்றாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சைக்கிள் ரியூப்பை வெட்டி உன் ஸ்பானர்கள் அத்தனைக்கும் பிடி வரைக்கும் உறை போட்டேன். நீ கொட்டிலுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவற்றைத் தூக்கிக் காட்டி, "எங்கட நானா ஸ்பானருக்கும் பர்தா போட்டுட்டாரு" என்றாய். ஆனால் அந்த உறையை நீ கழற்றவில்லை. அதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

இனி முதலாம் இலக்கம். பீப்பாய்.

அடுப்புச் சுருள் ஐம்பது அம்பியருக்குப் போதாது என்று நான் சொன்னதும் நீ பாலாவிப் பக்கம் போய், உப்பளத்திலிருந்து பாத்தித் தண்ணீர் இரண்டு கான் நிரப்பிக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். பிளாஸ்டிக் பீப்பாயில் ஊற்றி, இரண்டு இரும்புத் தகட்டைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு, பற்றறியின் இரண்டு கம்பிகளையும் அவற்றில் மாட்டினாய். தகட்டை ஆழ இறக்கினால் ஓட்டம் கூடும், தூக்கினால் குறையும். உப்பு விளைகிற ஊரில் வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்? முதலில் நானும் வியந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரை மணித்தியாலத்தில் தண்ணீர் மீன் ஆணம் போலச் சிவந்து, தகடு கரைந்து சல்லடையாகிவிட்டது. தண்ணீர் சூடேறச் சூடேற ஓட்டம் தானாகக் கூடிக்கொண்டே போனது. ஐம்பதில் தொடங்கியது அறுபத்தைந்தில் நின்றது. எந்த வரைபில் இதைக் குறிப்பது?

அதோடு விட்டாயா? இரும்பு கரைகிறது என்று, பழைய மோட்டர்களிலிருந்து கழற்றிய கரித்துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டாய். கரி கரையவில்லை. அதற்குப் பதிலாக உப்பிலிருந்து குளோரின் கிளம்பியது. கிணற்றுக்கு மருந்து போட்டால் வருமே, அந்த மணம், நூறு மடங்கு. மற்றக் கரித்துண்டிலிருந்து ஐதரசன் வேறு, வெடிக்க ஒரு பொறி போதும். நான் வேலிக்கு வெளியே ஓடிப்போய் நின்று இருமினேன். நீ ஒரு கம்பால் பீப்பாயைக் கலக்கினாய். அப்போது தெறித்ததுதான் என் சாரத்தில் ஒன்பது, கொடியில் காய்ந்த உன் மனைவியின் கறுப்பு அபாயாவில் எத்தனையோ. அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இது என்ன?"

"நட்சத்திரம்" என்றாய் நீ.

"ஒங்கட பீப்பாய்க்குள்ள ஒங்களையே அமுக்குவன். நானா, நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே நிண்டீங்க?"

அவள் கேட்டது சரி. அன்றைக்கே உன்னிடம், வேண்டுமானால் வான் வண்டிகளின் முன்விளக்குக் குமிழ்களை ஒரு பலகையில் வரிசையாகப் பூட்டிச் சுமையாக வை, ஒவ்வொன்றும் நாலரை அம்பியர் இழுக்கும், பதினொன்று இருந்தால் ஐம்பது, புகையில்லை, மணமில்லை என்றேன். "கலியாண வீட்டுக்கு லைட் கட்டுறதா?" என்று கேட்டாய். அவ்வளவுதான். நானும் விட்டுவிட்டேன். அந்தப் பலகையை நீ செய்திருந்தால் ஐம்பதில் சோதிக்க நான் உன் பக்கத்தில் நிற்க வேண்டி வந்திருக்கும். சாட்டுக்கு ஒரு யோசனை சொன்னேன் என்று நீ விளங்கிக்கொண்டாயோ தெரியாது.

இரண்டாம் இலக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கு இரத்த அழுத்தம் கூடும். மீற்றரின் நுனிகளைக் கலத்தின் முனையிலேயே வைக்க வேண்டும். சுமைக்குப் போகும் கம்பியின் மறு அந்தத்தில் வைக்கக் கூடாது. பெரிய ஓட்டத்தில் கம்பியே கொஞ்சம் வோல்ற்றைத் தின்றுவிடும், அந்தக் குறைவைக் கலத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம். இதை உன்னிடம் எத்தனை தரம் சொன்னேன்! நீ எப்போதும் கைக்கு எட்டின இடத்தில் மாட்டினாய். "எல்லாம் ஒரே கம்பிதானே நானா." அல்ல. ஒரே கம்பி அல்ல.

இப்போது நாலாம் கலம்.

அந்தோனியின் பற்றறிக்கென்று நாலு கலங்களை எடுத்து வைத்தாய். நாலையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பத்து அம்பியரில் இறக்கினேன். நாலு நாள். மற்ற மூன்றும் எட்டு மணித்தியாலம் தாங்கின. நாலாவது காலை ஏழு மணியிலிருந்து மாலை மூன்றே முக்கால் வரை ஓடியது, எட்டே முக்கால் மணித்தியாலம். நூற்றைந்து வாசிப்பு. இடையில் லுஹரைக்கூட அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் பாயை விரித்துத் தொழுதேன். பத்து அம்பியரால் பெருக்கினால் எண்பத்தேழரை. அதை ஐம்பதால் வகுத்தால் ஒன்றே முக்கால் மணித்தியாலம். உச்சமுனையிலிருந்து கற்பிட்டிக்கு அந்தோனிக்கு ஒன்றேகால் மணித்தியாலம் போதும். என் வாழ்க்கையில் நான் வரைந்த கோடுகளில் அதுதான் அழகானது. உன்னிடம் கொண்டுவந்து காட்டினேன்.

நீ தாளைப் பார்த்தாய். கலத்தைக் கொட்டிலுக்குள் தூக்கிக்கொண்டு போனாய். அரை மணித்தியாலம் கழித்து வெளியே வந்து, "இது காத்துக்கு நிக்காது நானா" என்று சொல்லிவிட்டு மூலையில் வைத்தாய்.

"எந்த அடிப்படையில்?"

"மத்த மூணோடயும் சேத்துப் பீப்பாயில போட்டுப் பாத்தன். முனை சுடுது."

"எத்தனையாம் நிமிடத்தில்? எத்தனை வோல்ற்று?"

"அது பாக்கல்ல. கை வைக்கேலாமச் சுடுது."

"எழுத்தில் காட்டு."

"சுடுறத எப்படி எழுத்தில காட்டுற? நீங்களே வந்து கையை வச்சுப் பாருங்களேன்."

நான் கையை வைக்கவில்லை. என் நூற்றைந்து புள்ளிகளுக்கு எதிராக உன் ஒரு விரல் என்று நினைத்தேன். மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாலாம் இலக்கம் இதுதான், வேறு ஒன்றும் சேர்க்க இல்லை: நேரத்தைக் குறிக்காமல், ஓட்டத்தைக் குறிக்காமல் ஒருவன் ஒரு கலத்தைக் குற்றவாளியாக்கக் கூடாது. இரண்டு கிழமை, பதினாலு நாள், உன் பக்கம் நான் வரவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ என் செருப்பை உன் காலால் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் வைத்தாய்.

"கோவம் போதும் நானா. பின்னேரம் வாங்க. ஐம்பதில ஒருக்காப் பாப்பம். நான் சுவிச்சப் போடுறன், நேரம் பாத்து எழுத ஒரு ஆள் வேணும். பீப்பாய் இல்ல. சத்தியமா பீப்பாய் இல்ல."

எனக்குத் தடிமன், மூக்கு அடைக்கிறது என்றேன். தடிமன் இருக்கவில்லை. நீ பொய் என்று தெரிந்துகொண்டு, "அப்ப நாளான்டைக்கு" என்றாய். ஞாயிற்றுக்கிழமை விடிய நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாய். பற்றறிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் யாராவது அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஆகவே, அந்தோனிக்கு நான் சொல்லப்போவது: நாலாம் கலத்தைப் பூட்டித் தருகிறேன், கொண்டு போ. அவனுக்கு அவசரம். அவன் மனைவி ரோசலினுக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண், மூன்று நாளுக்கு ஒருமுறை கற்பிட்டி ஆஸ்பத்திரியில் மருந்து கட்ட வேண்டும். இப்போது அடுத்தவர் வள்ளம் போகும் நாளில்தான் அவளும் போகிறாள். பிந்திப் பிந்திப் புண் பெருத்துவிட்டது.

இதுவரை எழுதியது லுஹருக்கு முன். இப்போது பின்னேர அஸர் தொழுகையும் முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்தோனி உன் கொட்டிலுக்கு வந்தபோது, நேற்றே முழுதாக நிரப்பி வைத்த நாலாம் கலத்தை நான் பெட்டியில் பூட்டி முடித்திருந்தேன். அவன் பெட்டியைத் தூக்கவில்லை. குந்தியிருந்து என் கொப்பியைப் புரட்டினான்.

"எழுத்து வடிவா இருக்கு சேர். ஐம்பதில பாத்ததா இது?"

"பத்தில். ஆனால் கணக்குப்படி..."

"எங்கட மோட்டர் ஐம்பதெல்லா இழுக்கிறது?"

"அந்தோனி, ஏதும் நடந்தால் துடுப்பு இருக்குத்தானே."

அவன் உன்னைப் போலவே சிரித்தான். "சோளகத்தில துடுப்புப் போட்டா நான் கற்பிட்டியில இல்ல, அக்கரைக் கண்டல் காட்டுக்குள்ள போய்ச் சொருகி நிப்பன். ரோசலின் அந்தக் காலோட சேத்துக்குள்ள இறங்கித் தள்ளுவாளா?"

உன் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கொட்டிலின் பின்பக்கம் போய், ஒரு சாக்கை உருவிக்கொண்டு கூப்பிட்டாள். "நானா, இது ஒங்களுக்காகச் செஞ்சது. வெள்ளிக்கிழமை காட்டணும் எண்டு வச்சிருந்தவர். நீங்க வரல்ல."

சாக்குக்குக் கீழே ஒரு நீளப் பலகை. பலகையில் வான் முன்விளக்குக் குமிழ்கள் பதினொன்று, ஒவ்வொன்றுக்கும் கீழே உடைந்த ஓட்டுத் துண்டு, பலகை கருகாதபடி. தடித்த கம்பி. நேர் முனைக்குப் பக்கத்திலேயே உருகி, நான் சொன்ன அளவில். கைப்பிடி வைத்த ஓர் ஆளி, தூர நின்று சுவிச்சைப் போட. பக்கத்தில் உலர்ந்த மணல் வாளிகூட இருந்தது. மீற்றர் கம்பிகளை எங்கே பூட்டியிருந்தாய் தெரியுமா? பலகையின் அந்தத்தில். கலத்தின் முனையில் அல்ல. எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்தது. அந்த இரண்டு கம்பியையும் பிடுங்கி எறிந்தேன்.

"சரி, பாப்பம்" என்று சொன்னது என் வாய்தான். கால் பின்னாலே போனது.

பெட்டியை முற்றத்தில் சீமெந்துக் கல்லின் மேல் வைத்தோம். உன் மனைவி யாரும் சொல்லாமலே கொடியிலிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அந்தோனியின் கையில் என் மணிக்கூட்டைக் கொடுத்து, ஒவ்வொரு நிமிடமும் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். நாலாம் கலத்தின் முனையில் வெப்பமானியை நாடாவால் ஒட்டினேன். முப்பத்தொரு பாகை. உறை போட்ட ஸ்பானரால் ஒவ்வொரு நட்டையும் மறுபடி முறுக்கினேன். ஆளியைப் போட என் கை மூன்று தரம் போய்ப் போய்த் திரும்பியது.

"நான் போடவா சேர்?"

"வேண்டாம்."

போட்டேன். பதினொரு விளக்கும் பகல் வெளிச்சத்தில் எரிந்தன. ஒன்றும் வெடிக்கவில்லை. கம்பியில் மாட்டிய கவ்வி மீற்றர் ஐம்பது அம்பியர் காட்டியது. முதல் மூன்று கலங்களும் மூன்றே கால் வோல்ற்றுக்குக் கொஞ்சம் கீழே. நாலாவது மூன்றுக்குக் கீழே.

"ஒண்டு!" என்றான் அந்தோனி.

மீற்றர் பிழை என்று நினைத்தேன். நுனிகளை முதலாம் கலத்துக்கு மாற்றினேன், சரியாகக் காட்டியது. திரும்ப நாலாவதுக்கு. இன்னும் இறங்கியிருந்தது.

"அஞ்சு! சேர், எழுதுறீங்களா?"

எழுதினேன். ஏழாம் நிமிடத்தில் வெப்பமானி நாற்பத்தைந்து. ஒன்பதாம் நிமிடத்தில் ஐம்பத்தேழு. மற்ற முனைகள் வெறும் வெயில் சூடு. விளக்குகள் மஞ்சளாகத் தொடங்கின. நான் வெப்பமானியை விட்டுவிட்டு, நாலாம் கலத்தின் முனைக்குப் பக்கத்து உறையில் விரலை வைத்தேன். வைத்த உடனே எடுத்தேன்.

"பதினொண்டு!"

இரண்டரை. ஆளியை இழுத்தேன். விளக்குகள் அணைந்தன.

அந்தோனி மணிக்கூட்டைத் திருப்பிக் கையில் தந்தான். "பதினொரு நிமிஷத்தில எங்க நிப்பம் தெரியுமா சேர்? கரையும் இல்ல, தீவும் இல்ல. காத்து சரியாக் குறுக்க வாற இடம்." கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற மாதிரிச் சொன்னான். "ஒங்கட கூட்டாளி இத மூலையில தள்ளி வச்சிருந்தாரு எண்டு இந்தத் தங்கச்சி சொன்னா. பிறகு எப்படிச் சேர் பெட்டிக்குள்ள வந்தது?"

"நான் வைத்தேன்."

அவன் "நல்லகாலம் பாத்தம்" என்றான். உன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவன் வெறுங்கையோடுதான் போனான். இரண்டு கிழமை தா என்று கேட்டிருக்கிறேன். உன் கொட்டிலில் மிச்சமிருக்கும் கலங்களை ஒவ்வொன்றாக நாலாம் இடத்தில் பூட்டி, ஐம்பதில் இறக்கி, கோடு வரைந்து, நிற்பதைத்தான் தருவேன் என்றேன். அதுவரை ரோசலின் அடுத்தவர் வள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டும். அது என் கணக்கில் சேரும்.

வீட்டுக்கு வந்து பழைய வரைபுகளை எடுத்து மேசையில் விரித்தேன். நாலு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நாலாவது, தொடக்கத்திலிருந்தே மற்ற மூன்றுக்கும் கீழே ஒரு பென்சில் தடிப்பு தாழ்ந்து ஓடுகிறது. பத்து அம்பியரிலேயே அது சொல்லியிருக்கிறது, மெதுவான குரலில். அதை நான் அன்றே கண்டிருக்கிறேன். ஓரத்தில் என் கையெழுத்தில் "மீற்றர் பிழையாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறது. முப்பத்தொரு வருஷம் மீற்றர்களைச் சரிபார்த்தவன், தன் மீற்றரை ஒருமுறை சரிபார்க்காமல் அப்படி எழுதியிருக்கிறான். கோடு அவ்வளவு நீளமாக, அவ்வளவு அழகாக இருந்தது.

பீப்பாயைப் பற்றி எழுதியதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறமாட்டேன். மீற்றர் நுனிகளைப் பற்றியும் அப்படியே. நேரம் குறிக்காமல் நீ சொன்ன தீர்ப்பு இன்றைக்குச் சரியாகப் போனதால் அது நல்ல வழக்கமாகிவிடாது. நீ நிமிடத்தையும் வோல்ற்றையும் எழுதிக் காட்டியிருந்தால் அந்த இரண்டு கிழமையும் நமக்கு மிஞ்சியிருக்கும். இந்த எரிச்சலை நான் விடப்போவதில்லை, உன்னிடமிருந்து எனக்கு மிச்சமாக இருப்பதில் இதுவும் ஒன்று.

ஆனால் மூன்றாம் இலக்கம். பத்து அம்பியர்தான் பாதுகாப்பு என்று உனக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் முற்றத்தில் ஒன்றும் வெடிக்கவில்லை, ஒன்றும் சுடவில்லை, அது உண்மை. அந்த ஆபத்து எங்கும் போய்விடவில்லை. நான் பார்க்க விரும்பாததால், புண்பட்ட காலோடு ஒருத்தி இருக்கப்போகிற வள்ளத்தில் அதை ஏற்றி அனுப்பப் பார்த்தேன். எனக்குப் பயம் என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ சிரித்திருப்பாய், சிரித்துவிட்டு நீயே ஆளியைப் போட்டிருப்பாய், நான் நேரம் எழுதியிருப்பேன்.

காலையில் மையால் எழுதிய வரியை வெட்டவில்லை. எழுதினது எழுதினபடி நிற்கட்டும். மூன்றாம் இலக்கம் பிழை.